இலவசப் பறை வகுப்பு: செலவு யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ ஒரு சுற்று வந்தால், ஏதாவது ஒரு பூங்காவிலிருந்தோ மொட்டைமாடியிலிருந்தோ பள்ளி மைதானத்திலிருந்தோ பறைச் சத்தம் காதில் விழும். பெரும்பாலும் கட்டணம் கிடையாது. வயது வரம்பு கிடையாது. கல்லூரி மாணவிகளும் மென்பொருள் ஊழியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஒரே வரிசையில் நின்று அடித்துப் பழகுகிறார்கள். கடல் கடந்த தமிழ்ச் சங்கங்களின் விழாக்களிலும் பறை வழக்கமாகிவிட்டது. 2025இல் பறையிசைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்ட பிறகு, கற்க வருவோரின் ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது.

பறை பிழைத்துக்கொண்டது என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். அடிப்பவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் ஒரு தோற்கருவி உயிரோடிருக்க அடிப்பவர் மட்டும் போதாது. தோல் கட்டத் தெரிந்தவர் வேண்டும். அந்தந்த வட்டாரத்தின் அடிகளை, அதாவது தாளக்கட்டுகளை, நினைவில் வைத்திருக்கும் ஆசான் வேண்டும். அந்த இருவருக்கும் அந்த வேலையில் சோறும் இருக்க வேண்டும். இலவச வகுப்புகள் அடிப்பவர்களைப் பெருக்கியிருக்கின்றன. மற்ற இருவரையும் பல இடங்களில் மறந்துவிட்டன. கற்பவருக்கு இலவசம் என்பது ஆசானுக்கும் இலவசம் என்று ஆகிவிட்டதுதான் அதற்கு முதல் காரணம்.

இலவசம் எங்கிருந்து வந்தது

பரம்பரையாகப் பறையடித்த குடும்பங்களில் வகுப்பு என்று ஒன்று இருந்ததில்லை. அப்பாவோடும் சித்தப்பாவோடும் பையன்களும் வேலைக்குப் போவார்கள். பறையைத் தீயில் காட்டிக் காய்ச்ச வைக்கோல் அள்ளி வருவது, கருவியைத் தூக்கிவருவது என்று தொடங்கி, யாராவது டீ குடிக்க ஒதுங்கும் நேரத்தில் குச்சி கைக்கு வரும். கேட்டுக் கேட்டுக் காதில் முன்பே ஏறிவிட்ட அடியைக் கை அப்போது தேடிப் பிடிக்கும்.

அந்த வேலை விரும்பிச் செய்த வேலையாகவும் இருந்ததில்லை. சாவுக்கும் திருவிழாவுக்கும் ஊர்ச் செய்தி சொல்லவும் பறையடிப்பது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டது. கூலியும் ஊர் வைத்ததுதான். இருபதாம் நூற்றாண்டில் பல ஊர்களில் 'இனி அடிக்க மாட்டோம்' என்ற மறுப்பு எழுந்தது. பறையைத் தூக்கிப் பரணில் போட்டார்கள். சிலர் உடைத்தே போட்டார்கள். இந்த மறுப்பின் நியாயம் தெரியாமல் 'கலையை விட்டுவிட்டார்களே' என்று புலம்புவோர் இன்றும் உண்டு. அப்படிப் புலம்புகிறவர்கள் வகுப்பு நடத்த வராமல் இருப்பதே நல்லது.

1990களில் நிலைமை வேறு திசையில் திரும்பியது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி சார்ந்து நடந்த தலித் கலை விழாக்கள் பறையை மேடைக்குக் கொண்டுவந்தன. திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கப்பட்ட சக்தி நாட்டுப்புறக் கலை மையம், ஆண்கள் மட்டுமே தொட்ட பறையை இளம்பெண்களின் கையில் கொடுத்தது. இழிவின் அடையாளமாக இருந்ததைத் தன்மானத்தின் அடையாளமாக எடுத்து அடிப்பது என்பதே அப்போதைய நோக்கம். பயிற்சிக்கு வந்தவர்கள் கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் கட்டணம் கேட்பதற்கு இடமே இல்லை. சோறும் தங்க இடமும் கொடுத்துத்தான் பயிற்சி நடந்தது. இலவசம் என்ற வழக்கம் இந்தத் தன்மான இயக்கத்திலிருந்து வந்தது.

2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கலைவிழா நகரத்துப் பொதுமக்கள் நடுவே பறையைக் கொண்டுபோய் வைத்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் இரவும் பகலும் பறை ஒலித்ததைப் பார்த்த தலைமுறைதான் இன்றைய நகர வகுப்புகளில் திரளாக நிற்கிறது. ஆள் மாறிவிட்டது, விதி மட்டும் மாறவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கும் இலவசம், கூலி வேலைக்குப் போகிறவருக்கும் இலவசம். இங்குதான் கணக்கு இடிக்கிறது.

கருவியை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்

பறையின் மரச்சட்டம் ஒரே மரத்தில் குடைந்தது இல்லை. வில்லாக வளைந்த மூன்று கட்டைகளைச் சேர்த்து, மூட்டுகளில் இரும்புத் தகடு அடித்து வட்டமாக்குவார்கள். வேம்பு முதல் தேர்வு: பூச்சி அரிக்காது, பச்சையாக இருக்கும்போது செதுக்க வரும், காய்ந்தபின் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். மூட்டு சரியாக உட்காரவில்லை என்றால் தோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடிக்கும்போது ஒரு கரகரப்பு கூடவே வரும். புதுப் பறை வாங்கும்போது தோலைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால், சட்டத்தை இரு கையாலும் பிடித்து லேசாக முறுக்கிப் பார்ப்பது நல்லது. தகடு அசைந்தால் வாங்க வேண்டாம்.

தோல் மாட்டுத்தோல், கன்றின் தோல் கிடைத்தால் இன்னும் நல்லது, மெல்லியதாகவும் சீராகவும் இருக்கும். செருப்புக்கும் பைக்கும் பதனிட்ட தோல் இதற்கு உதவாது. பதனிட்டால் தோல் மெத்தென்று ஆகிவிடும். பறைக்கு வேண்டியது காய்ந்தால் விறைக்கும் பச்சைத்தோல். மயிர் நீக்கி, சதை சுரண்டி, ஊறிய நிலையில் சட்டத்தின் விளிம்பில் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டுவார்கள். புளியங்கொட்டையை வறுத்து, மேல்தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் பசை. கடையில் விற்கும் பசைகளை வைத்துக் கட்டிப் பார்த்தவர்கள் உண்டு. ஈரத்தோலில் அவற்றில் பல பிடிப்பதில்லை. பிடித்தவையும் நெருப்பில் காட்டும்போது விட்டுவிடுகின்றன. ஒட்டிய பறையை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் நடுப்பகுதி முதலில் சுருங்கி, இன்னும் ஈரமாக இருக்கும் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும்.

இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். பச்சைத்தோல் கிடைப்பது கடினமாகிவிட்டது. அந்த வேலையின் மேல் படிந்திருக்கும் தீண்டாமையும் போகவில்லை. பிள்ளைகள் தோலைத் தொட வேண்டாம் என்றே கட்டுபவர்கள் விரும்புகிறார்கள். விரும்பாமல் என்ன செய்வார்கள்? வகுப்பில் பறையடிப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. பறை கட்டியவரின் பெயர்கூட யாருக்கும் தெரிவதில்லை.

ஃபைபர் பறை இந்த இடைவெளியில் நுழைந்தது. உலோக வளையம், பிளாஸ்டிக் முகம், திருகி இறுக்கும் ஆணிகள். நெருப்பு வேண்டாம், மழைக்குப் பயப்பட வேண்டாம். குளிர் நாடுகளில் வகுப்பு நடத்துவோருக்கு இது கிட்டத்தட்ட கட்டாயம்: சூடேற்றிய வீடுகளின் வறண்ட காற்றில் தோல் அளவுக்கு மீறி இறுகிக் கிழிந்துவிடும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விலங்குத் தோல் பொருளை விமான நிலையத்திலேயே அறிவித்துச் சோதனைக்குக் கொடுக்கவும் வேண்டும். ஆனால் ஃபைபரில் மட்டும் பழகியவரின் கை வேறு மாதிரி வளர்கிறது. பிளாஸ்டிக் முகம் குச்சியை உடனே எகிறச் செய்யும். தோல் அந்த அளவு திருப்பித் தராது, கையே குச்சியை எடுத்தாக வேண்டும். ஃபைபரில் வேகமாக அடிப்பவர் தோல் பறையை வாங்கியதும் தடுமாறுவது இதனால்தான். ஒலியிலும் கீச்சு மேலோங்கி, நடுவில் விழும் கனத்த அடி காணாமல் போகிறது. தொடக்கநிலைப் பயிற்சிக்கு ஃபைபர், மூன்றாவது மாதத்திலிருந்து தோல் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ஃபைபரோடு நின்றுவிடும் வகுப்பு, தோல் கட்டுபவருக்கு ஒரு வேலையும் தராத வகுப்பு.

குச்சி

வகுப்பு தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் தொல்காப்பியம் வந்துவிடும். திணைகளின் கருப்பொருள்களில் பறையும் ஒன்று என்று சொல்லாத பயிற்சியாளர் அரிது. குச்சியைப் பற்றி அதே அளவு நேரம் பேசினால் கிழியும் தோல்களின் எண்ணிக்கை குறையும்.

இரண்டு குச்சிகள். வலக்கையில் அடிக்குச்சி: ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் நீளம், கனமானது, எந்த உறுதியான மரத்திலும் செய்யலாம். இடக்கையில் சிண்டுக்குச்சி: ஏறத்தாழ 28 சென்டிமீட்டர், மூங்கிலைப் பிளந்து தட்டையாகச் சீவியது. பறை இடத்தோளில் வாரில் தொங்கும். இடக்கையின் மேற்பகுதி அதை உடம்போடு அணைத்துப் பிடித்திருக்கும். இடது மணிக்கட்டு விளிம்பின் மேல் வந்து, சிண்டுக்குச்சி தோலின் முன்னால் தொங்கி நிற்கும். அடிக்குச்சி நடுவில் விழுவது, சிண்டு அறைவது, இரண்டும் சேர்ந்து விழுவது. இந்த மூன்றிலிருந்துதான் எல்லா அடியும் கட்டப்படுகிறது.

பிழைகள் பெரும்பாலும் சிண்டில்தான். புதியவர்கள் ஐந்து விரலாலும் அதை இறுக்கிப் பிடிப்பார்கள். குச்சி விரலிடுக்கில் தளர்வாக ஆடி, முழுத் தட்டையாகத் தோலில் படிய வேண்டும். இறுக்கிப் பிடித்தால் நுனி மட்டும் குத்தும். சத்தம் 'சட்' என்று அறுந்து விழும், தோலில் பிறைபோலக் கீறல்கள் தோன்றும், சில வாரங்களில் அந்தக் கீறல் வழியே கிழியும். இரண்டாவது காரணம் சீவல். மூங்கிலின் விளிம்பில் ஒரு சிலாம்பு நின்றாலும் போதும், அது பிளேடு மாதிரி வேலை செய்யும். கண்ணாடித் துண்டாலோ உப்புத்தாளாலோ இரு விளிம்பையும் வழுவழுப்பாக்கிய பிறகே குச்சி தோலைத் தொட வேண்டும். வளைத்தால் வளைந்து திரும்ப வேண்டும். விறைப்பாக நின்றால் இன்னும் சீவ வேண்டும். ஆளுக்கு மூன்று சிண்டு செய்துவைத்துக்கொள்வது நல்லது. உடைவது உறுதி.

வார் தொங்கும் உயரத்தையும் யாரும் கவனிப்பதில்லை. பறை இடுப்புக்குக் கீழே இறங்கினால் வலக்கை முழங்கையை நீட்டி அடிக்கத் தொடங்கும்; அரை மணி நேரத்தில் தோள் வலிக்கும். முழங்கை மடங்கி மணிக்கட்டு ஆடும் உயரத்தில் வாரை முடிந்துகொண்டால், ஒரு மணி நேரம் ஆடி அடிக்கலாம்.

காய்ச்சுதல்

காற்றிலுள்ள ஈரத்தைத் தோல் குடித்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறினால் தளரும், சுருதி இறங்கும். நெருப்பில் காட்டினால் ஈரம் போய் இறுகும். அவ்வளவுதான் விஷயம், ஆனால் வகுப்புகளில் அதிகப் பறைகள் சாவது இந்த ஒரு வேலையில்தான்.

வைக்கோல், காய்ந்த ஓலை, சருகு போன்ற குபீரென்று எரிந்து அடங்கும் தீ வேண்டும். விறகுக் கங்கு ஆபத்து: சூடு ஒரே இடத்தில் தங்கும், கண்ணுக்குத் தீ தெரியாததால் கை கிட்டே போய்விடும். தோல்முகத்தைத் தீப்பக்கம் காட்டி, ஒரு முழ தூரத்தில் வைத்து, நிறுத்தாமல் சுழற்ற வேண்டும். நடுப்பகுதி விரைவில் சூடேறும். ஒட்டு இருக்கும் விளிம்பு மெதுவாக ஏறும். ஆகவே சுழற்சி விளிம்பையே சுற்றிவர வேண்டும். அவ்வப்போது சிண்டால் தட்டிப் பார்க்கலாம். 'தொப்' என்று இருப்பது மெல்ல மெல்லக் 'கணீர்' என்று திறக்கும். திறந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டுக் காட்டினால் தோல் பழுப்பேறும்; பழுப்பேறிய இடம் பிறகு மீளாது, அங்கே அடி விழுந்தால் ஓடு மாதிரி வெடிக்கும். காய்ச்சியதும் உடனே ஓங்கி அடிக்கவும் கூடாது. ஒரு நிமிடம் சூடு தணிய விட்டு மென்மையாகத் தொடங்குவது நல்லது.

மொட்டைமாடியில் தீ மூட்ட முடியாதவர்கள் மின்அடுப்பையோ அறை சூடேற்றியையோ வைத்துச் சமாளிக்கிறார்கள். தூரமும் சுழற்சியும் அதே கணக்குதான். வகுப்பு முடிந்ததும் பறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்படச் சுவரில் மாட்டி, எலி ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். தோல் கிழிந்த பறையைத் தூக்கி எறிய வேண்டாம். சட்டம் பல தோல்களைப் பார்க்கும். மறுதோல் கட்டக் கொடுப்பதுதான் கட்டுபவருக்கு ஆண்டு முழுவதும் வேலை தரும் வழி.

எந்த மாதத்தில் தொடங்குவது

அமைப்பாளர்கள் பொதுவாகத் தைப்பொங்கலை ஒட்டியோ கோடை விடுமுறையிலோ வகுப்பை அறிவிப்பார்கள். ஆசானுக்கு அதுதான் பிழைப்புக் காலம். தையில் தொடங்கி மாசி, பங்குனி, சித்திரை என்று ஆடி வரை கோயில் கொடையும் திருவிழாவும் இருக்கும். அதிலும் சனி ஞாயிறு தவறாமல் அழைப்பு இருக்கும். அந்த நாள்களில் அவரை இலவச வகுப்புக்கு அழைப்பது அவருடைய ஆண்டு வருமானத்தில் கைவைப்பது. அவர் வராமல், ஒரு வருடம் பழகிய மாணவர் ஒருவர் ஆசிரியராகிவிடுவதும் இதனால்தான் நடக்கிறது.

புரட்டாசியிலிருந்து மார்கழி வரை ஆசானுக்கு வேலை குறைவு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். தோல் பறை தொப்பலாகக் கிடக்கும், காய்ச்சினாலும் கால் மணி நேரம் தாங்காது. இரண்டையும் பொருத்திப் பார்த்தால் பாடத்தின் வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது. புரட்டாசியில் தொடங்குவது. மழை மாதங்களில் கூரைக்குக் கீழே, பறையில்லாமல்: அடியை வாயால் சொல்லிப் பழகும் வாய்ச்சொல், கைத்தட்டு, காலசைவு, பழைய டயரில் குச்சிப் பயிற்சி, குச்சி சீவுதல். மார்கழியில் பறையைத் தோளில் மாட்டுவது. தை பிறந்ததும் கற்றவர்கள் ஆசானின் குழுவோடு நிகழ்ச்சிக்குப் போய்ப் பின்வரிசையில் நிற்பது.

பறையில்லாமல் இரண்டு மாதமா என்று கேட்பார்கள். கேட்பவர்களில் சிலர் நின்றுவிடுவார்கள் என்பதும் உண்மை. ஆனால் காலும் வாயும் அடியைப் பிடித்துக்கொண்டவருக்குக் கை சில வாரங்களில் வந்துவிடுகிறது. கையை முதலில் பழக்கியவருக்கு ஆட்டம் கடைசி வரை ஒட்டுவதில்லை. அடிக்கும்போது கால் நிற்கும், கால் ஆடும்போது அடி தப்பும். நகர வகுப்புகளில் மேடையேறும் குழுக்களைப் பார்த்தால், ஆட்டம் தனியாகவும் அடி தனியாகவும் தெரிவதற்கு இதுவே காரணம்.

எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. 25 பேருக்கு 25 பறை தேவையில்லை, எட்டுப் பறை போதும். எட்டுப் பேர் அடிக்க, மற்றவர்கள் காலசைவும் வாய்ச்சொல்லும். மூடிய கூடத்தில் 25 பறையை ஒன்றாக அடித்தால் யார் பிழை செய்கிறார் என்று ஆசானுக்குக் கேட்காது, காதுக்கும் கேடு. குழந்தைகள் வரும் வகுப்பில் காதடைப்பான் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

கூட்டமாக அடிக்கும்போது வரும் பெரிய நோய் ஓட்டம். மெல்லத் தொடங்கும் அடி இரண்டு நிமிடத்தில் தறிகெட்டு ஓடும். கை இறுகுவதும், பக்கத்தில் இருப்பவரைவிட ஒரு நொடி முன்னால் விழ எல்லோரும் துடிப்பதும் இதற்குக் காரணம். 'மெதுவா, மெதுவா' என்று கத்துவதால் பயனில்லை. பழகிய ஒருவரை அடிப்படை நடையை மட்டும் பிடிக்கச் சொல்லி, மற்றவர்கள் சத்தத்தைப் பாதியாகக் குறைத்து அவரைக் கேட்டு அடிப்பதே மருந்து. சத்தம் குறைந்ததும் ஓட்டமும் அடங்கும்.

எந்த அடி, எந்த ஊர் அடி

சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மருள் அடி, மாரடி, வாழ்த்தடி, பாடம் அடி, டப்பா அடி, ஒத்தையடி, ஜாயிண்ட் அடி, சினிமா அடி என்று அடிகளுக்குப் பெயர்கள் உண்டு. பெயர்களைப் பார்த்தாலே தெரியும், பாதி அடிகள் ஒரு நிகழ்வோடு கட்டப்பட்டவை. சப்பரம் நகரும் வேகம், சாமி இறங்குபவரின் மூச்சு, ஒப்பாரியின் இழுவை ஆகியவைதான் அந்த அடியின் நடையைத் தீர்மானிக்கின்றன. ஒரே பெயர் இருந்தாலும் தஞ்சைப் பக்கத்து அடியும் கொங்குப் பக்கத்து அடியும் ஒன்றாக இருக்காது.

இலவச வகுப்புகள் பெருகிய விதத்தில் இந்த வேற்றுமை சுருங்குகிறது. ஒரு பயிற்சியாளர் இரண்டு நாள் பட்டறையில் எட்டு அடி கற்கிறார். அடியை வாயால் சொல்லும் சொற்கட்டை எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார். அதே எட்டு அடி அடுத்த மாவட்டத்துக்கும், பிறகு கடல் கடந்தும் போகிறது. எழுதும்போது ஏதோ ஒன்று கழிந்தும் போகிறது. ஊர் அடிகளில் பல சரியான மூன்றும் இல்லை, சரியான நான்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவே சாய்ந்து நிற்கும். அதைத் திசிரம் (மூன்று), சதுசிரம் (நான்கு) என்று கட்டத்துக்குள் எழுதியதும் சாய்வு நிமிர்ந்துவிடும், ஆட்டம் செத்துவிடும். இன்னொரு எடுத்துக்காட்டு இலங்கை. மட்டக்களப்புப் பக்கம் பறைமேளக் கூத்தில் ஒலிக்கும் பறை இருமுகக் கருவி. தமிழ்நாட்டின் ஒருமுகப் பறையிலிருந்து முற்றிலும் வேறு. புலம்பெயர்ந்த நாடுகளின் வகுப்புகளில் ஈழத்துப் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பறையை மட்டுமே 'பறை' என்று கற்று வளரும்போது, தங்கள் ஊரில் அப்படியொரு கருவி இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது.

செய்யக்கூடியது கடினமான காரியம் ஒன்றும் இல்லை. வகுப்பு நடக்கும் மாவட்டத்தைச் சேர்ந்த ஆசான் ஒருவரை அழைத்து, பொதுவான அடிகளுக்குப் பிறகு, அவருடைய ஊரில் மட்டும் புழங்கும் இரண்டு அடியையாவது கேட்டு வாங்க வேண்டும். பதிவு செய்யும்போது கை மட்டும் தெரியும்படி ஒன்று, உடம்பு முழுவதும் காலோடு தெரியும்படி ஒன்று, அவர் வாயால் சொல்வது ஒன்று என்று மூன்று முறை எடுக்கலாம். மெதுவாக அடித்துக் காட்டச் சொல்வதோடு, திருவிழாவில் அடிக்கும் வேகத்திலும் கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் மெதுவாக அடிக்கும்போது சாய்வு மாறிவிடும். எந்த ஊர், எந்த நிகழ்வு, யாரிடம் கற்றது என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயால் சொல்லவைத்துவிட்டால், கோப்பு எத்தனை கை மாறினாலும் செய்தி கூடவே போகும். அதை இணையத்தில் போடலாமா என்று அவரிடம் கேட்பது மரியாதை மட்டுமல்ல. அந்த அடி அவருடைய குழுவுக்கு நிகழ்ச்சி பெற்றுத் தரும் மூலதனம்.

பணம்

கற்பவரிடம் வாங்காவிட்டால் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். ஒரு பருவத்துக்கு என்ன தேவை என்று எழுதினால் தலைப்புகள் சிலவே: ஆசானின் ஊதியம், அவருடைய போக்குவரத்தும் சாப்பாடும், மறுதோல், மூங்கில், இடம். எட்டுப் பறையில் இரண்டு மூன்று தோல் ஒரு பருவத்தில் போய்விடும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும். இடம் பெரும்பாலும் இரவலாகக் கிடைக்கும். ஊதியத்தில்தான் கை நடுங்குகிறது. 'கலைச்சேவை' என்ற சொல் அந்த இடத்தில் வந்து நிற்கும். சால்வை ஒன்றும் வரும். ஒரு நாள் நிகழ்ச்சிக்குப் போனால் ஆசானின் பங்காக என்ன கிடைக்குமோ, அதற்குக் குறையாமல் வகுப்பு நாளுக்கும் கொடுப்பது என்பதை அடிப்படை விதியாக வைக்கலாம். பணம் கொடுக்க முடியாவிட்டால் வகுப்பின் நாள்களைக் குறைக்கலாம், ஊதியத்தைக் குறைக்கக் கூடாது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் படிவம் நிரப்ப உதவுவதும் அமைப்பாளர் எளிதில் செய்யக்கூடிய வேலை.

முற்றிலும் இலவசமாக இருந்தால் சில வாரங்களில் கூட்டம் குறைந்துவிடும் என்பது வகுப்பு நடத்துவோருக்குத் தெரியும். முன்வைப்புத் தொகை வாங்கி, கடைசி நாளில் திருப்பித் தரும் முறை சில இடங்களில் நன்றாக வேலை செய்கிறது. இடையில் நின்றவர்களின் தொகை தோலுக்குப் போகிறது. வசதியுள்ளவர் தம் பங்கோடு இன்னொருவர் பங்கையும் சேர்த்துத் தரும் முறையும் உண்டு. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது வகுப்பில் தெரியாமல் ஒருவரே வாங்கி வைப்பது அவசியம்.

எந்தத் தெருவில்

கிராமத்தில் வகுப்பு தொடங்குவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இடம். ஊர்த்தெருப் பள்ளியில் வைத்தால் சேரிப் பிள்ளைகள் தயங்குவார்கள். சேரியில் வைத்தால் ஊர்ப்பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். அரசுப் பள்ளி மைதானம் பொது என்று தோன்றும், ஆனால் அது எந்தத் தெருவுக்கு அருகில் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். சேரியில் தொடங்கி, வருகிறவர் வரட்டும் என்று விடுவதே பல நேரங்களில் சரியான முடிவாகிறது. பறையை அறிந்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுத் தப்பைத் திருத்துவார்கள்.

அந்தக் குடும்பங்களில் பிள்ளைகளை அனுப்ப மறுப்பவர்கள் இருப்பார்கள். நகரத்து இளைஞர் பறையை மாட்டினால் அது பண்பாடு; அவர்கள் பிள்ளை மாட்டினால் நாளைக்குச் சாவு வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். இந்த அச்சத்துக்குப் பேச்சால் பதில் சொல்ல முடியாது. வற்புறுத்தாமல் இருப்பதும், அந்தப் பிள்ளை வகுப்பில் கற்றதற்காக யாரும் வேலைக்கு அழைக்கக் கூடாது என்பதை ஊரில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும்தான் அமைப்பாளரின் பொறுப்பு. சாவுக்கு அடிப்பதை வகுப்பில் கற்றுத்தரலாமா என்பதில் ஆசான்களிடையே ஒத்த கருத்து இல்லை. அடியாகக் கற்கலாம், சாவு வீட்டில் அடிப்பது அவரவர் முடிவு என்பவர்கள் உண்டு. அந்த அடியே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஆசான் எதைச் சொல்கிறாரோ அதுதான் அந்த வகுப்பின் முடிவாக இருக்க வேண்டும்.

கடைசியாக, கற்று முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது. ஓராண்டு பழகிய பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து, கல்யாணத்துக்கும் கடைத் திறப்புக்கும் பாதி விலையில் போகத் தொடங்கினால், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆசானின் குழு அந்த ஊரில் வேலையிழக்கும். வேறு சம்பளம் உள்ளவர் குறைவாகக் கேட்க முடியும், ஆசானால் முடியாது. சில வகுப்புகள் இதற்குச் சேரும் நாளிலேயே ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன: பணம் வரும் அழைப்பு எதுவாக இருந்தாலும் முதலில் ஆசானின் குழுவுக்குப் போகும், மாணவர்கள் வேண்டுமென்றால் அதில் சேர்ந்து அடித்துப் பங்கு வாங்கலாம், தனியாகப் போனால் ஆசான் கேட்கும் விலைக்குக் குறைத்துப் பேசக் கூடாது. வாய்மொழியாகச் சொல்வதைவிட, இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்ட இடங்களில் சண்டை குறைவு.